உயிரோடு இருப்பவளுக்கு எடுத்த மொட்டை

ஹாபாய் தீவு
திங்கட்கிழமை

மகள் ஃபுசிக்கு,

கடவுள் கிருபையால் இங்கே எல்லோரும் நலம், அங்கே உங்கள் நலம் அறிய ஆவல் என்று எழுதித்தான் கடிதம் ஆரம்பிக்க வேண்டும். எனக்குத் தெரியும். ஆனால் நான் நலமில்லை. கோபமாக இருக்கிறேன். பத்து நாளாக அதே கோபம். நான் நாலாம் வகுப்போடு நின்றவள், தம்பிகளைத் தூக்கி வளர்க்க நிறுத்திவிட்டார்கள், அதையும் நான் மறக்கவில்லை. எழுத்து கோணலாக இருக்கும். கூட்டிப் படி.

போனை ஏன் எடுக்கவில்லை என்று உன் அண்ணன் மனாசே இங்கே பேரன் பவுலியாசியிடம் கேட்டானாம். போனில் பேசினால் நீ அழுவாய். நீ அழுதால் நான் மன்னித்துவிடுவேன். மன்னிக்கிற எண்ணம் எனக்கு இப்போது இல்லை. அதனால்தான் எழுதுகிறேன். செமிசி புதன்கிழமை பழம் பறிக்கிற வேலைக்கு அங்கே வருகிறான், அவன் கையில் இது வரும்.

நீ என்ன செய்தாய் என்பது உனக்கு இன்னும் புரியவில்லை என்று நினைக்கிறேன். சொல்கிறேன், கேள்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் நான் தாழை ஓலை காயப்போட்டுக்கொண்டிருந்தேன். பவுலியாசி போனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். போனை என் முகத்துக்கு நேரே நீட்டினான். உங்கள் படம். மனாசேயின் மனைவி லெசியெலியின் அண்ணன் தம்பி மூன்று பேரும் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். கறுப்புச் சட்டை. இடுப்பில் பாய் கட்டியிருக்கிறார்கள். மூன்று பேர் தலையும் வழித்திருக்கிறது. பின்னால் நீ நிற்கிறாய், கையில் முடிவெட்டுகிற மெஷின். லெசியெலி பக்கத்தில் வாயைப் பொத்திக்கொண்டு அழுகிறாள். கீழே ஒரே வரி: வைசிமாவுக்காக, அன்போடு.

ஆஸ்பத்திரியில் கிடக்கிற நம் பிள்ளை வைசிமா படத்தில் இல்லை.

அடி ஃபுசி, நீ இந்தத் தீவில் பிறந்தவள்தானே? அத்தை நின்று தாய்மாமன்களின் தலைமுடியை எடுத்தால் அதற்கு நம் ஊரில் எத்தனை அர்த்தம்? ஒன்றுதானே, சாவுதானே? உன் அப்பா போனபோது யார் யார் தலை குனிந்தார்கள், உன் அத்தை எந்தக் கத்தரியை எடுத்தாள், அந்தக் கத்தரியின் ஒரு காது உடைந்திருந்தது, துணி சுற்றியிருந்தது, எல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. நீயும் பக்கத்தில்தான் நின்றாய். பதினாறு வயது. மறந்துவிட்டேன் என்று என்னிடம் சொல்லாதே.

உடனே கூப்பிடச் சொன்னேன். பவுலியாசி மூன்று தடவை போட்டான். அதற்குள் டவர் படுத்துவிட்டது. படம் வருகிற வரைக்கும் உயிரோடு இருந்த டவர், படம் வந்ததும் செத்தது. அதன் மேலும் எனக்குக் கோபம்.

நான் உள்ளே போய்ப் துக்கத்துக்குக் கட்டுகிற பெரிய கிழிந்த பாயை இடுப்பில் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். வேறென்ன செய்வேன்?

சாயங்காலத்துக்குள் ஊரே வந்துவிட்டது. பாய் கொண்டு வந்தார்கள், மரப்பட்டைத் துணி கொண்டு வந்தார்கள், கவரில் காசு கொண்டு வந்தார்கள். பெரிய பன்றியை அடித்தார்கள். நான் சொல்லவில்லை, அவர்களாகவே அடித்தார்கள், நான் தடுக்கிற நிலையிலா இருந்தேன்? மண் அடுப்பு புகைந்தது. நான் எனக்கென்று பின்னி வைத்திருந்தேனே, மெல்லிய பாய், நாலு வருடமாகப் பின்னுவது, என்னை அதில் சுற்றித்தான் கொண்டுபோக வேண்டும் என்று உன்னிடம் சொல்லி வைத்தேனே, அதை எடுத்து நடுவீட்டில் விரித்தேன். விளிம்பு இன்னும் முடிக்கவில்லை. ஏழு வயதுப் பிள்ளைக்கு அது ரொம்பப் பெரிது. அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு பெரிதாகப் பின்னிவிட்டேன், எவ்வளவு பெரிதாகப் பின்னிவிட்டேன் என்று அதையே சொன்னேனாம். எனக்குத் தெரியாது, பிறகு சொன்னார்கள்.

அப்புறம் என் பின்னலைப் பிடித்துக் கத்தரியை வைத்தேன். எடுக்க உரிமை இருக்கிறவள் நீ, நீ கடலுக்கு அந்தப் பக்கம். அதனால் நானே வெட்டினேன். கத்தரி மொக்கை. பாதியில் நின்றுவிட்டது. அப்போது ஒரு கை வந்து கத்தரியை வாங்கி மீதியை வெட்டி, ஓரம் ஒட்ட எடுத்து, சமமாக்கியது. நிமிர்ந்து பார்த்தால் கலோலைனே.

கலோலைனே, ஃபுசி. பக்கத்து வீட்டுக் கலோலைனே. புயல் வந்த வருடம் புதுப் போதகரை வரவேற்க நானும் அவளும் சேர்ந்து பாய் பின்னினோம். பாதி என் கை. சபையில் பேர் வாசித்தபோது அவள் பேர் மட்டும் வாசித்தார்கள். அவள் எழுந்து நின்று தலையாட்டி வாங்கிக்கொண்டாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. முப்பத்தொரு வருடமாக அவள் வாசல் பக்கம் நான் முகம் திருப்பினதில்லை. அவள் அன்றைக்கு வந்து, என் கன்னத்தில் மூக்கை வைத்து முத்தமிட்டு அழுதாள், நானும் அவளைப் பிடித்துக்கொண்டு அழுதேன். உன்னால். அந்த முத்தத்தை நான் இப்போது எப்படித் திரும்ப வாங்குவது? சொல்.

ஞாயிற்றுக்கிழமை போதகர் பிரசங்க மேடையிலிருந்து பேர் சொல்லி வைசிமாவைக் கர்த்தரிடம் ஒப்படைத்தார். பாட்டுக்காரர்கள் அழுதுகொண்டே பாடினார்கள். நன்றாகத்தான் பாடினார்கள். அதை நினைத்தால் இப்போதும் கல்லை எடுத்து எறியத் தோன்றுகிறது.

திங்கட்கிழமை காலையில் டவருக்கு உயிர் வந்தது. பவுலியாசி உன்னைக் கூப்பிட்டு, போனை என்னிடம் தந்தான். நான் அழுதுகொண்டே எப்போது அடக்கம் என்று கேட்டேன். நீ, "என்னம்மா அடக்கம்? யாருக்கு?" என்றாய். அந்தக் குரலில் சிரிப்பு இருந்தது ஃபுசி. நீ தெரியாமல் சிரித்தாய், சரி. ஆனால் இருந்தது.

அப்புறம் நீ சொன்னாய். "அம்மா, இது சாவுக்கு இல்லம்மா. காசு சேர்க்கத்தான். ரத்தப் புத்துநோய் வந்த பிள்ளைங்களுக்கு மருந்துல முடியெல்லாம் கொட்டிடுதுல்ல, அவங்களுக்குத் துணையா பெரியவங்க மொட்டை போடுவாங்க, ஜனங்க காசு குடுப்பாங்க. இங்க எல்லாரும் செய்றதுதாம்மா." பிள்ளைக்கு அன்று காய்ச்சல், ஆஸ்பத்திரியை விட்டு வெளியே விடவில்லை, அதனால் படத்தில் இல்லை. கறுப்புச் சட்டை ரக்பி கிளப்பின் சட்டை. நூற்றுப் பத்துப் பேர் மொட்டை போட்டார்கள் என்றாய்.

சரி, நீ ஏன் மெஷினைப் பிடித்தாய் என்று கேட்டேன். அதற்கு நீ சொன்ன பதில்தான் எனக்கு ஆறவே இல்லை. கிளப்பில் ஒரு வெள்ளைக்காரப் பெண் எல்லோருக்கும் எடுத்துக்கொண்டிருந்தாளாம். லெசியெலியின் அண்ணன்மார் அவள் தங்கள் தலையைத் தொடக் கூடாது, முறை இருக்கிறவள்தான் தொட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார்களாம். "நீதான் பிள்ளையோட அத்தை, நீ எடு" என்றார்களாம். மேடை ஏறும்போது மரியாதைக்கு இடுப்புப் பாயும் கட்டிக்கொண்டார்களாம். அதாவது எல்லாவற்றையும் ஒரு குறையில்லாமல் முறைப்படி செய்திருக்கிறீர்கள். சாவுக்கு எப்படிச் செய்வோமோ அப்படி. நூற்றுப் பத்துப் பேரில் இந்த மூன்று பேர் மட்டும் அந்த வெள்ளைக்காரியிடம் தலையைக் கொடுத்திருந்தால் எனக்கு இந்தக் கதி இல்லை.

அதற்கு மேல், பிள்ளையின் மொட்டைத் தலைப் படத்தைப் பெரிதாக அடித்துக் கிளப் வாசலில் கட்டினீர்கள் என்று மனாசே சொன்னான். யாரைக் கேட்டுக் கட்டினீர்கள்? குடிக்க வருகிறவன் எல்லாம் அவளைப் பார்த்துவிட்டுப் போகிறானா? சேர்ந்த காசும் நமக்கு மட்டுமில்லை, ஆஸ்பத்திரி பக்கத்தில் தங்கியிருக்கிற எல்லாக் குடும்பத்துக்கும் என்று நீ சொன்னபோது நான் போனில் கத்தினது ஞாபகம் இருக்கும். என் பேத்தியின் பேரை வைத்து ஊராருக்கு ஏன் சம்பாதிக்கிறாய் என்று கத்தினேன். அப்போது நீ ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னாய். தூரத்திலிருந்து வந்தவள், பண்ணை வேலை செய்கிறவள், பையன் உள்ளே படுத்திருக்கிறான், அவள் வாடகை கொடுக்க முடியாமல் கார் நிறுத்துகிற இடத்தில் காரிலேயே தூங்குகிறாள் என்று. நான் போனை வைத்துவிட்டேன். கேட்கவில்லை என்று நினைக்காதே. கேட்டது.

அதற்கு முன்னால் நீ பிள்ளையிடம் போனைக் கொடுத்தாய். யார் அவளுக்குச் சொன்னார்கள் என்று தெரியவில்லை. "பாட்டி, உனக்கும் முடி போயிடுச்சாமே? யாரு மொட்டை அழகு, உன்னுதா என்னுதா?" என்று கேட்டாள். உன்னுதுதான் என்றேன். "அப்ப சரி" என்றாள். இந்தப் பத்து நாளில் எனக்குக் கோபம் வராத பேச்சு அது ஒன்றுதான்.

போனை வைத்துவிட்டு ஊருக்குப் பதில் சொல்ல வேண்டுமே. பிள்ளை உயிரோடு இருக்கிறாள் என்று வீடு வீடாகச் சொன்னேன். கட்டிப் பிடித்தார்கள், அழுதார்கள், சிரித்தார்கள். சரி, கொண்டு வந்ததைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன். ஒருத்தரும் வாங்கவில்லை. எதிர் வீட்டு டோவாவின் மனைவி கதவையே சாத்தினாள். "சாவுக்குக் குடுத்ததைத் திரும்ப வாங்கினா அந்தச் சாவு எங்க வீட்டுக்குள்ள வந்துடும், வேண்டவே வேண்டாம்" என்று உள்ளே இருந்து சொன்னாள். அவள் சொல்வதும் நியாயம்தான். நானும் வாங்கமாட்டேன். பன்றியைத் தின்றாகிவிட்டது, அதற்கு ஒன்றும் செய்வதற்கில்லை. பாய்கள், துணிகள், கவர்கள் எல்லாம் என் வீட்டு நடுவில் கிடந்தன. என் பாயும் விரித்தபடி கிடந்தது. சுருட்டவும் பயம், விட்டுவைக்கவும் பயம். நான் சமையல்கட்டில் படுத்தேன்.

பவுலியாசி, "அந்தக் காசை வைசிமாவுக்கே அனுப்பிடலாமே பாட்டி" என்றான். அவனை விரட்டினேன். சாவுக் காசு என் பேத்தி கையில் படாது. வேறு எந்தப் பிள்ளை கையிலும் படாது. போதகர் வந்து இதெல்லாம் பழைய நம்பிக்கை, ஜெபம் செய்து அனுப்பலாம் என்றார். ஞாயிற்றுக்கிழமை என் பேத்தியைப் புதைத்தவர் நீங்கள், சும்மா இருங்கள் என்றேன். எழுந்து போனார்.

புதன்கிழமை கலோலைனே வந்தாள். கூப்பிடவில்லை, வந்தாள். என் பாயின் ஓரத்தில் உட்கார்ந்து, கிடந்த ஓலையை எடுத்து, முடிக்காமல் விட்ட விளிம்பைப் பின்ன ஆரம்பித்தாள். தொடாதே என்றேன். காது கேளாதவள் மாதிரி பின்னிக்கொண்டே, "நீ ஆடு" என்றாள். என்ன என்றேன். "சபை மண்டபத்துல நீ ஆடு. எங்க கவரை எங்க கையில குடு, ஒரு பாட்டு நேரத்துக்குத்தான். வீட்டுக்குக் கொண்டு போகமாட்டோம். ஆடுறவ மேல ஒட்டுற காசு எங்கயாவது சாவுக் காசு ஆகுமா? கிழவி, உனக்கு இது கூடத் தெரியல" என்றாள்.

நான் அவளைத் திட்டினேன். எழுபத்தொரு வயது, ஏழு பிள்ளை பெற்றவள், காலில் சர்க்கரைப் புண், கட்டு போட்டிருக்கிறேன். அது கன்னிப் பெண் எண்ணெய் பூசிக்கொண்டு ஆடுகிற ஆட்டம், ஜனங்கள் அவள் தோளில் நோட்டு ஒட்டுவார்கள், நழுவாமல் ஒட்டினால் கன்னி என்பார்கள். அவளுக்குப் பைத்தியம் என்று அவள் முகத்துக்கு நேரே சொன்னேன். அவள் போன பிறகு ராத்திரி முழுக்க யோசித்தேன். வேறு வழி எனக்கும் தோன்றவில்லை. அவளுக்குத் தோன்றினது எனக்குத் தோன்றவில்லையே என்பதுதான் எரிச்சல்.

வெள்ளிக்கிழமை ஆடினேன்.

கைக்கும் தோளுக்கும் தேங்காய் எண்ணெய் பூசிவிட்டார்கள். தலையில் முடி இல்லை, அதனால் அங்கேயும் பூசினார்கள். கவர்களை மண்டப வாசலில் வைத்து அவரவர் கையில் கொடுத்தேன். பாட்டு ஆரம்பித்ததும் முதலில் யாரும் எழுந்திருக்கவில்லை. நான் கையை நீட்டிக்கொண்டு, புண் காலைத் தூக்காமல், நின்ற இடத்திலேயே ஆடினேன். யாராவது சிரித்தால் அறைந்துவிடுகிற மாதிரி முகத்தை வைத்திருந்தேனாம். அப்புறம் டோவாவின் மனைவி எழுந்து வந்து கவரைக் கிழித்து நோட்டை எடுத்து என் தோளில் ஒட்டினாள். அதற்குப் பிறகு நிற்கவில்லை. தோளில், முழங்கையில், கழுத்தில் ஒட்டினார்கள். கலோலைனே கடைசியில் வந்தாள். இருபது பாங்கா நோட்டு. அதைப் பட்டென்று என் மொட்டைத் தலையில் ஒட்டிவிட்டு மண்டபமே கேட்கக் கத்தினாள்: "பாருங்கடி, எப்படி ஒட்டுது! நோட்டு நழுவவே இல்ல. இவ இன்னும் கன்னிப் பொண்ணுதான்!"

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. போதகரும் சிரித்தார். அவரும் ஒரு நோட்டு ஒட்டினார். நானும் சிரித்தேன். கோபத்தோடுதான் சிரித்தேன்.

அந்தக் காசைச் செமிசியிடம் கொடுத்திருக்கிறேன். எண்ணெய்ப் பிசுக்காக இருக்கும். துடைக்காதே. அங்கே நோட்டு மாற்றிக் கொடுக்கிறவன் முகத்தைச் சுளித்தால் சுளிக்கட்டும். அது ஆட்டக் காசு. அதில் முதலில் காரில் தூங்குகிறாளே அந்தப் பெண்ணுக்குக் கொடு. பேர் தெரியாவிட்டால் கேட்டுத் தெரிந்துகொண்டு கொடு. யார் கொடுத்தது என்று கேட்டால், ஒரு மொட்டைக் கிழவி புண் காலோடு ஆடிச் சம்பாதித்தது என்று சொல். மற்றதை நீங்கள் எப்படிப் பிரிக்கிறீர்களோ பிரித்துக்கொள்ளுங்கள். நான் போனில் கத்தினதை அவளிடம் சொல்லாதே.

துணிகளையும் மற்ற பாய்களையும் அனுப்பவில்லை. அவை எனக்கே இருக்கட்டும், நான் போகும்போது உதவும். அந்த முறை நீ நேரில் வந்து கத்தரி எடு, மெஷின் வேண்டாம்.

என் பின்னலை அனுப்பலாமா என்று யோசித்தேன். நரைமுடி, அதில் பிள்ளைக்கு என்ன செய்ய முடியும்? எரித்துவிட்டேன்.

பிள்ளையின் படத்தைக் கிளப் வாசலிலிருந்து கழற்று. அடுத்த தடவை இப்படி ஏதாவது செய்வதாக இருந்தால் முதலில் எனக்குச் சொல். செய்ய வேண்டாம் என்று சொல்லவில்லை. செய்யுங்கள். அந்தப் பிள்ளைகளும் யாரோ பெற்றதுதான். ஆனால் முதலில் எனக்குச் சொல். மனாசேயிடம், அழுகிறவன் மாதிரி பேசாதே, சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போ என்று நான் சொன்னதாகச் சொல். லெசியெலியை ராத்திரி ஆஸ்பத்திரி நாற்காலியில் தனியாக விடாதே, நீ மாறி உட்கார். அவளை நான் முன்பு பேசினதெல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அவளுக்கும் இருக்கும். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். என் காலைப் பற்றிக் கேட்காதே.

கடைசியாக ஒன்று. செமிசியிடம் ஒரு சுருள் இருக்கும். விமான நிலையத்தில் பிரித்துப் பார்ப்பார்கள், பார்க்கட்டும். அது என் பாய். விளிம்பு முடிந்துவிட்டது. வலது பக்கம் ஒரு முழம் கலோலைனே பின்னியது. யாராவது கேட்டால் அவள் பேரையும் சேர்த்துச் சொல். நான் அவளைப் போல இல்லை, கூடப் பின்னினவளின் பேரை விழுங்கமாட்டேன்.

இதை ஏலத்தில் விடச் சொல்லி யாராவது வருவார்கள். கொடுக்காதே. சுவரிலும் மாட்டாதே. கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் விரித்துப் போடு, வைசிமா அதில் உட்காரட்டும். மெல்லிய பாய் என்று அவளை அதட்டாதே. அதில் சோறு சிந்தட்டும். சிவப்புச் சாயம் போட்ட பானம் ஏதோ குடிக்கிறாளாமே, அதைக் கொட்டட்டும். மருந்து ஒத்துக்கொள்ளாமல் வாந்தி எடுத்தால் அதிலேயே எடுக்கட்டும், தண்ணீர் மட்டும் தெளித்துத் துடை, சோப்புப் போடாதே. செருப்புக் காலோடு மிதிக்கட்டும். பேனாவால் கிறுக்கட்டும். ஓலை ஓலையாகப் பிய்க்கட்டும். அப்படி அழுக்கான பாயில் யாரையும் சுற்றி மண்ணுக்குள் வைக்கமாட்டார்கள், இல்லையா? என்னையும் வைக்கமாட்டார்கள். எனக்கு வேறு பின்னிக்கொள்கிறேன். எனக்கு நேரம் இருக்கிறது.

மாதம் ஒரு தடவை அந்தப் பாயைப் படம் எடுத்து அனுப்பு. ஒவ்வொரு படத்திலும் புதுசாக ஒரு கறை இருக்க வேண்டும். கறைக்குப் பக்கத்தில் அவள் கால் தெரிய வேண்டும்.

கர்த்தர் உன்னையும், உன் கையையும் ஆசீர்வதிக்கட்டும்.

இன்னும் கோபமாகவே இருக்கும்
உன் அம்மா
மெலெசெய்னி